'பாதுகாப்பு அளிக்கிறார்': ரோந்து போகும் மரைன் யாரைக் காக்கிறார்?

ஒரு போட்டோ. மண் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. ஒற்றை முழங்காலை ஊன்றி, துப்பாக்கியைத் தோளோடு அணைத்து, சந்தின் மறுமுனையையே பார்த்தபடி ஒரு அமெரிக்க மரைன். அவருக்குப் பின்னால், வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் ஒரு சிறுவன். கீழே ஒரு வரி: ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் ரோந்தின்போது பாதுகாப்பு அளிக்கும் மரைன் வீரர்.

இந்த மாதிரிப் படங்களை நீங்கள் பல முறை ஸ்க்ரோல் செய்து கடந்திருப்பீர்கள். இவற்றில் ஏராளமானவை அமெரிக்க ராணுவத்தின் சொந்த போட்டோகிராபர்கள் எடுத்து, ராணுவமே வெளியிடுபவை. கேப்ஷனும் அவர்களே எழுதியதுதான். செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், நேர நெருக்கடியில் அதை அப்படியே தமிழாக்கிப் போட்டுவிடுவோம்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'பாதுகாப்பு அளிக்கிறார்' என்று படித்ததும், அந்தச் சிறுவனைத்தான் வீரர் காக்கிறார் என்று நமக்குத் தோன்றும். ஆனால், ராணுவத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. ரோந்துக் குழு எங்கே நின்றாலும், ஆளுக்கு ஒரு திசையைப் பிரித்துக்கொண்டு கண்காணிக்க வேண்டும். யாராவது சுட வருகிறார்களா, குண்டு புதைக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் அவர்கள் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மொழியில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது: காவல் நிற்பது. யாருக்குக் காவல்? முதலில், பக்கத்தில் இருக்கும் சக மரைனுக்கு.

'இது வெறும் வார்த்தைப் பிரச்னைதானே?' என்று கேட்கலாம். இல்லை. 20 வருடம் நடந்த ஒரு போரின் தோல்வி, இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கிடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஹெல்மண்டில் உள்ள சங்கின் என்ற சின்ன ஊருக்குப் போவோம்.

மரைன் என்றால் கடற்படை வீரரா?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். தமிழ் செய்திகளில் மரைன்களைக் 'கடற்படை வீரர்கள்' என்று எழுதுவதைப் பார்க்கலாம். அது சரியில்லை. 1775-ல் தொடங்கப்பட்ட மரைன் கோர், அமெரிக்காவின் தனிப் படைப்பிரிவு. நிர்வாக ரீதியாகக் கடற்படைத் துறையின் கீழ் வந்தாலும், அதற்கென்று தனித் தளபதி, தனிப் பயிற்சி, தனி மரபு எல்லாம் உண்டு. கப்பலில் வந்து கரையில் இறங்கிச் சண்டை போடுவது அவர்களுடைய ஆதித் தொழில்.

அப்படியென்றால், கடலே இல்லாத ஆப்கானிஸ்தானில் அவர்களுக்கு என்ன வேலை?

2001-ல் தாலிபான் ஆட்சி வீழ்ந்த பிறகு, அமெரிக்காவின் கவனமும் படைகளும் இராக் பக்கம் திரும்பின. அந்த இடைவெளியில் தாலிபான்கள் தெற்கில் மீண்டும் வேர்விட்டார்கள். 2006 முதல் ஹெல்மண்டைப் பிரிட்டிஷ் படைகள் கவனித்துக்கொண்டன. ஆனால், பரப்புக்கு ஏற்ற ஆள்பலம் அவர்களிடம் இல்லை. 2009 ஜூலையில் சுமார் 4,000 மரைன்கள் ஹெல்மண்ட் நதிப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், மேலும் 30,000 வீரர்களை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புவதாக அதிபர் ஒபாமா அறிவித்தார். உச்சத்தில் ஹெல்மண்ட் பகுதியில் மட்டும் சுமார் 20,000 மரைன்கள் இருந்தார்கள்.

அவர்களுக்குச் சொல்லப்பட்ட இலக்கு, 'எதிரியைக் கொல்லுங்கள்' என்பது மட்டும் இல்லை. மக்களைக் காப்பதுதான் முதல் வேலை என்றார்கள். 2006 டிசம்பரில் அமெரிக்க ராணுவமும் மரைன் கோரும் சேர்ந்து வெளியிட்ட கிளர்ச்சி ஒழிப்புக் கையேட்டின் மையக் கருத்தே அதுதான். முகாமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள், வெளியே போங்கள், மக்கள் மத்தியில் நடங்கள் என்றது அந்தக் கையேடு. அதன்படி கால்நடையாகப் போகும் ரோந்துதான் இந்தப் போரின் அன்றாட வேலையாக மாறியது.

ஒரு ரோந்து எப்படி நடக்கும்?

மரைன் படையில் அடிப்படை அலகு 'ஸ்குவாட்'. அதில் 13 பேர். நான்கு பேர் கொண்ட மூன்று குழுக்கள், அவர்களுக்கு ஒரு தலைவர். கூடவே ஒரு மருத்துவ உதவியாளர் வருவார். அவர் மட்டும் உண்மையிலேயே கடற்படை ஆள். மரைன் கோருக்கென்று சொந்த மருத்துவப் பிரிவு கிடையாது. இவர்களோடு சில ஆப்கன் வீரர்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர், சில நேரம் வெடிபொருளை மோப்பம் பிடிக்கும் லாப்ரடார் நாய்.

சங்கினில் ரோந்து என்றால், நம் ஊரில் போலீஸ் ஜீப் ஒரு ரவுண்டு வருவதைப் போல நினைத்துவிடாதீர்கள். ஒற்றை வரிசை. முன்னால் போகிறவர் கையில் மெட்டல் டிடெக்டர். அவர் தரையைத் தடவித் தடவிப் போவார். சுத்தம் என்று உறுதியான இடத்தை, பாட்டில் மூடியையோ ஷேவிங் நுரையையோ வைத்து அடையாளம் காட்டுவார். பின்னால் வருகிறவர்கள் அந்த அடையாளத்தைத் தாண்டிக் காலை வைக்கக் கூடாது. முன்னால் போனவரின் காலடித் தடத்திலேயே கால் வைத்து நடக்க வேண்டும். சில நூறு மீட்டரைக் கடப்பதற்கே மணிக்கணக்கில் ஆகிவிடும்.

வாய்க்கால் மேல் பாலம் இருந்தால் அதில் ஏற மாட்டார்கள், தண்ணீரில் இறங்கி நெஞ்சளவு நனைந்து கடப்பார்கள். திறந்த வாசல் இருந்தால் அதில் நுழைய மாட்டார்கள், சுவர் ஏறிக் குதிப்பார்கள் அல்லது சுவரையே வெடிவைத்து உடைத்து வழி செய்வார்கள். காரணம் எளிது. பாலமும் வாசலும்தான் எல்லோரும் கால் வைக்கும் இடம். அங்கேதான் குண்டு இருக்கும்.

அந்தக் குண்டுகளைச் செய்ய பெரிய தொழிற்சாலை எதுவும் தேவையில்லை. சமையல் எண்ணெய் வரும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கேன். அதற்குள் உரத்திலிருந்து எடுத்த அம்மோனியம் நைட்ரேட். மிதித்தால் ஒன்றோடொன்று தொட்டு மின்சாரம் பாய வைக்கும் இரண்டு மரச் சட்டங்கள். ஒரு பேட்டரி. இரும்பு எவ்வளவு குறைவோ, மெட்டல் டிடெக்டரில் சிக்கும் வாய்ப்பும் அவ்வளவு குறைவு. பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவிகளைச் சுமந்து வரும் ஒரு படையை, மிகச் சொற்பமான செலவில் நிறுத்திவிட முடிந்தது.

ஊர்ப் பெரியவர் ஒருவரோடு பேசக் குழுத் தலைவர் நின்றால், மற்றவர்கள் வட்டமாகப் பிரிந்து, எட்டுத் திக்கும் பார்த்து மண்டியிடுவார்கள். நாம் பார்த்த அந்த போட்டோ எடுக்கப்படும் நேரம் அதுதான்.

சங்கின் வாங்கிய விலை

2006-லிருந்து 2010 செப்டம்பர் வரை சங்கினில் இருந்த பிரிட்டிஷ் படைகள், அந்த ஒரு சின்ன மாவட்டத்தில் மட்டும் 100-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தன. அதுவரை ஆப்கானிஸ்தானில் இறந்த மொத்த பிரிட்டிஷ் வீரர்களில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

அவர்களிடமிருந்து பொறுப்பை ஏற்ற மரைன் பட்டாலியன்களில் ஒன்று, 'டார்க்ஹார்ஸ்' என்று அழைக்கப்படும் 5-வது மரைன் ரெஜிமென்ட்டின் 3-வது பட்டாலியன். 2010 அக்டோபர் முதல் 2011 ஏப்ரல் வரை அங்கே இருந்தது. அந்த 7 மாதத்தில் 25 பேர் இறந்தார்கள். சுமார் 200 பேர் காயமடைந்தார்கள். அதில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கை, கால்களை இழந்தார்கள். ஆப்கானிஸ்தான் போரில் வேறு எந்த மரைன் பட்டாலியனும் இவ்வளவு பெரிய இழப்பைச் சந்திக்கவில்லை. குண்டு வெடித்த பிறகு கட்டுப்போட நேரம் இருக்காது என்பதால், ரத்தத்தை நிறுத்தும் பட்டைகளை முன்கூட்டியே தொடையில் தளர்வாக மாட்டிக்கொண்டு ரோந்துக்குக் கிளம்பியவர்களும் இருந்தார்கள்.

இறந்தவர்களில் ஒருவர், லெப்டினன்ட் ராபர்ட் கெல்லி. 2010 நவம்பரில் ரோந்தின்போது புதைகுண்டில் கால் வைத்தார். அவருடைய அப்பா ஜான் கெல்லி, மரைன் கோரின் ஜெனரல். பின்னாளில் அதிபர் டிரம்ப்பின் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரியாக இருந்தவர். 2011 மார்ச்சில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் சங்கினுக்கே நேரில் போய் வீரர்களைப் பார்த்தார்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். இந்தப் போர் சரியா, தவறா என்ற விவாதம் வேறு. அந்த மண் பாதையில் அடி அடியாக நடந்த, பெரும்பாலும் 19, 20 வயதே ஆன பையன்களின் துணிச்சலைக் குறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. நம் கேள்வி அவர்களை நோக்கியது இல்லை. அவர்களை அங்கே நடக்கவிட்டு, அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்தவர்களை நோக்கியது.

வாசலில் நின்ற அந்தச் சிறுவனுக்கு என்ன கிடைத்தது?

இப்போது கேமராவைத் திருப்புவோம்.

நீங்கள் ஒரு சங்கின் விவசாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயல் வழியாகக் காலையில் ஒரு ரோந்து போகிறது. மொழிபெயர்ப்பாளர் மூலமாக, 'தாலிபான்கள் யாராவது வந்தார்களா?' என்று கேட்கிறார்கள். பதில் சொன்னால், உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அதைக் குறித்துக்கொள்வார். பதில் சொல்லாவிட்டால், உங்கள் மேலேயே சந்தேகம் வரும். சாயங்காலம் மரைன்கள் முகாமுக்குத் திரும்பிவிடுவார்கள். இரவில் கதவைத் தட்டுவது யார்? வீட்டு வாசலிலும் மசூதியிலும் மிரட்டல் கடிதம் வைத்துவிட்டுப் போவது தாலிபான்களின் பழைய வழக்கம். ஆப்கானிஸ்தானில் அதற்கு 'ஷப்நாமா', அதாவது 'இரவுக் கடிதம்' என்றே பெயர்.

அடுத்த நாள், மரைன்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்து உங்கள் வரப்பில் ஒரு மஞ்சள் கேன் புதைக்கப்படும். மரைனிடம் டிடெக்டர் இருக்கிறது, நாய் இருக்கிறது, காயம்பட்டால் தூக்கிப் போக ஹெலிகாப்டர் இருக்கிறது. மாடு ஓட்டிக்கொண்டு அதே வரப்பில் போகும் உங்கள் பையனிடம் எதுவும் இல்லை.

ஐ.நா. கணக்குப்படி 2010-ல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,777 பேர். இதில் 75 சதவிகித மரணங்களுக்கு தாலிபான் உள்ளிட்ட அரசு எதிர்ப்பு அமைப்புகள் காரணம். 16 சதவிகிதத்துக்கு வெளிநாட்டு, ஆப்கன் அரசுப் படைகள் காரணம். அதாவது, அதிகம் கொன்றது தாலிபான்கள்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால், மக்களைக் காப்பதுதான் முதல் வேலை என்று சொல்லிக்கொண்டு ஒரு லட்சம் அமெரிக்கத் துருப்புகள் உள்ளே இருந்த சமயத்தில் வந்த எண்ணிக்கை இது. அடுத்த ஆண்டு, 2011-ல், அது 3,021 ஆக உயர்ந்தது.

ரோந்தின் பக்க விளைவுகளும் உண்டு. பார்வைக்கு மறைப்பாக இருக்கிறது என்று மரங்கள் வெட்டப்பட்டன. குண்டு வைத்திருக்கிறார்கள் என்று ஆளில்லாத வீடுகள் தகர்க்கப்பட்டன. வேகமாக வரும் மோட்டார் பைக்கை முதலில் கத்தி நிறுத்தச் சொல்வார்கள், பிறகு ஒளி பாய்ச்சி எச்சரிப்பார்கள், பிறகு எச்சரிக்கைத் துப்பாக்கிச் சூடு. அதற்கும் நிற்காவிட்டால் ஆளையே சுடுவார்கள். பதறிப்போன ஒரு சாதாரண ஆளுக்கும் தற்கொலைப் படை ஆளுக்கும் இடையில் வித்தியாசம் கண்டுபிடிக்க, அந்த 20 வயதுப் பையனுக்கு இருப்பது சில விநாடிகள்தான். தவறிப்போய் ஒரு பொதுமகன் இறந்தால், குடும்பத்துக்கு 'இரங்கல் தொகை' கொடுக்கப்படும். ஒரு மரணத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 2,500 டாலர்.

இதைக் குறைக்க முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2009 ஜூலையில் நேட்டோ படைத் தளபதி ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், குடியிருப்புகள் மீது விமானத் தாக்குதல் நடத்துவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தார். பெண்களோடு பேச, பெண் மரைன்கள் கொண்ட தனிக் குழுக்களை ரோந்தில் சேர்த்தார்கள். ஆனால், 'எங்கள் கையைக் கட்டிப்போட்டுச் சண்டைக்கு அனுப்புகிறார்கள்' என்ற புகைச்சல் வீரர்களிடம் எழுந்தது. அந்தப் புகைச்சலிலும் நியாயம் இருக்கிறது. மக்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்றால், அந்த அளவுக்குத் தன் உயிரைப் பணயம் வை என்று அர்த்தம். அதை ஒரு வீரரிடம் கேட்பது எளிதில்லை.

அறிக்கை ஒன்று, நடந்தது வேறு: ஹதீதா

தன்னைக் காத்துக்கொள்வது மட்டுமே ரோந்தின் நோக்கமாகச் சுருங்கிவிட்டால் என்ன ஆகும்? இராக்கில் அதற்கு ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது.

2005 நவம்பர் 19. இராக்கின் ஹதீதா நகரில் மரைன்களின் வாகன வரிசை மீது சாலையோரக் குண்டு வெடித்து ஒரு மரைன் இறந்தார். அடுத்த சில மணி நேரத்தில், அந்த மரைன்கள் 24 இராக்கியப் பொதுமக்களைக் கொன்றார்கள். காரில் வந்தவர்கள், வீட்டுக்குள் இருந்தவர்கள், பெண்கள், குழந்தைகள். கொல்லப்பட்டவர்களில் 3 வயதுக் குழந்தையும் உண்டு, 76 வயது முதியவரும் உண்டு.

மறுநாள் வந்த ராணுவ அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? சாலையோரக் குண்டுவெடிப்பில் ஒரு மரைனும் 15 பொதுமக்களும் இறந்தார்கள் என்றது. அந்தக் கதையே நீடித்திருக்கும். ஊர்க்காரர் ஒருவர் எடுத்த வீடியோ வெளியே வந்தது. 2006 மார்ச்சில் 'டைம்' இதழ் உண்மையை எழுதியது. அதற்குப் பிறகுதான் முழு விசாரணை சூடுபிடித்தது. 8 மரைன்கள் மீது வழக்கு பதிவானது. ஆறு பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஒருவர் விடுதலையானார். எஞ்சிய ஒருவர், கடமையில் அலட்சியமாக இருந்ததாக மட்டும் 2012-ல் ஒப்புக்கொண்டார். அந்த 24 கொலைகளுக்காக ஒருவர்கூடச் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை.

எல்லா ரோந்தும் ஹதீதா கிடையாது. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால், ராணுவம் எழுதிக்கொடுக்கும் வரியை அப்படியே பிரசுரிக்கும்போது என்ன மறைந்துபோகும் என்பதற்கு ஹதீதாவைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்போ, இது எங்கேயுமே வேலை செய்யவில்லையா?

செய்திருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு, சில இடங்களில்.

வியட்நாம் போரின்போது 1965-ல் மரைன்கள் ஒரு சோதனை முயற்சியைத் தொடங்கினார்கள். ஒரு ஸ்குவாட் மரைன்களும் ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு கிராமத்துக்கே போய், அந்த ஊர்க் காவல் படையோடு சேர்ந்து தங்கினார்கள். பகலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகாமல், இரவிலும் அங்கேயே இருந்து ரோந்து போனார்கள். உச்சத்தில் இப்படி 114 குழுக்கள் இயங்கின. பல கிராமங்களில் நிலைமை உண்மையிலேயே மேம்பட்டது. 1971-ல் மரைன்கள் வெளியேறினார்கள். 1975-ல் சைகோன் வீழ்ந்தது.

ஹெல்மண்டிலும் அதே கதை. நாவா மாவட்டத்தில் 2009-ல் மரைன்கள் பெரிய முகாமில் அடைந்து கிடக்காமல், சின்னச் சின்னக் காவல் நிலைகளாகப் பிரிந்து ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். சில மாதங்களில் மூடிக்கிடந்த கடைத்தெரு திறந்தது. சங்கினிலேயே 2011-க்குப் பிறகு தாக்குதல்கள் குறைந்தன, சந்தை மீண்டும் களைகட்டியது.

இரண்டு இடங்களிலும் ஒரே விஷயம்தான் வேலை செய்தது. ரோந்து போனவர்கள் திரும்பிப் போகவில்லை, அங்கேயே இருந்தார்கள். இரண்டு இடங்களிலும் ஒரே விஷயம்தான் தோற்றது. ஒரு நாள் அவர்கள் கிளம்பியே ஆக வேண்டியிருந்தது.

வெளிநாட்டுப் படையின் பெரிய பலவீனம் இதுதான். ஒரு மரைன் பட்டாலியன் 7 மாதம் இருக்கும். ஊர்ப் பெரியவரின் பெயர், எந்த வாய்க்கால் யாருக்குச் சொந்தம், எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பகை என்பதையெல்லாம் கற்றுக்கொள்ளும் நேரத்தில் ஊருக்குக் கிளம்பிவிடும். அடுத்த பட்டாலியன் வந்து முதலிலிருந்து தொடங்கும். விவசாயிக்கு அந்த வசதி கிடையாது. அவர் அங்கேயே பிறந்து, அங்கேயே சாகப் போகிறவர். அவர் போடுகிற கணக்கு 7 மாதக் கணக்கு இல்லை. இவர்கள் போன பிறகு இங்கே யார் இருப்பார்கள் என்ற கணக்கு.

மரைன்கள் போன பிறகு யார் வருவார்கள் என்பதற்கு அமெரிக்காவிடம் இருந்த பதில், ஆப்கன் அரசு. 2010 பிப்ரவரியில் மர்ஜா மீது பெரிய தாக்குதல் நடந்தபோது, பெட்டியைத் திறந்ததும் வெளியே வரத் தயாராக ஓர் அரசாங்கமே எங்களிடம் இருக்கிறது என்று தளபதி மெக்கிரிஸ்டல் பெருமையாகச் சொன்னார். பெட்டியைத் திறந்தபோது உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. வந்த போலீஸ், சோதனைச் சாவடியில் நின்று லஞ்சம் வாங்கியது. வடக்கிலிருந்து வந்த ஆப்கன் வீரர்கள் பலருக்கு, ஹெல்மண்ட் மக்கள் பேசும் பஷ்தோ மொழியே சரியாகத் தெரியவில்லை. விவசாயிகளின் முக்கியப் பணப்பயிரான கசகசாச் செடியை, அதாவது அபினை அழிக்க அரசு வந்தது. அதைக் காப்பாற்றிக் கொடுப்பதாகத் தாலிபான் சொன்னது.

இதில் ஒரு வரலாற்று நகைமுரணும் உண்டு. மர்ஜாவில் மரைன்கள் இறங்கிக் கடந்த வாய்க்கால்கள், 1950-களில் தொடங்கிய அமெரிக்க உதவித் திட்டத்தில் வெட்டப்பட்டவை. பாலைவனத்தைப் பச்சை ஆக்கி, மக்களைக் குடியமர்த்தி, ஆப்கானிஸ்தானை நண்பனாக்கலாம் என்று பனிப்போர்க் காலத்தில் போட்ட திட்டம் அது. மாகாணத் தலைநகர் லஷ்கர் காவுக்கு அப்போது 'குட்டி அமெரிக்கா' என்றே பட்டப் பெயர். கால்வாய் வெட்ட வந்தவர்களின் பேரன்கள், துப்பாக்கியோடு அதே கால்வாயில் இறங்கி நடந்தார்கள்.

முடிவு நமக்குத் தெரியும்

2014 அக்டோபரில் மரைன்கள் ஹெல்மண்டின் பெரிய தளமான கேம்ப் லெதர்நெக்கை ஆப்கன் படைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். 2017 மார்ச்சில் சங்கின் மாவட்ட மையம் தாலிபான் கைக்குப் போனது. 2021 ஆகஸ்ட் 13-ல் லஷ்கர் கா வீழ்ந்தது. இரண்டே நாளில் காபூல்.

கடைசிக் காட்சியிலும் மரைன்கள் 'பாதுகாப்பு' கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். காபூல் விமான நிலையத்தின் அபே கேட். சாக்கடை நீரில் நின்றபடி ஆவணங்களைத் தூக்கிக் காட்டிய ஆயிரக்கணக்கான மக்கள். அவர்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் வேலை. அங்கே கூட்டத்துக்கு நடுவே நிற்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. நின்றால் தற்கொலைக் குண்டுக்கு மிக எளிதான இலக்கு. 2021 ஆகஸ்ட் 26-ல் குண்டு வெடித்தது. 13 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், அதில் 11 பேர் மரைன்கள். ஆப்கன் மக்கள் சுமார் 170 பேர் இறந்தார்கள்.

ஒரு வகையில், சங்கினில் நடக்காத ஒன்று அந்த வாசலில் நடந்தது. அங்கே மரைனும் மக்களும் ஒரே ஆபத்தில் ஒரே இடத்தில் நின்றார்கள். யாருக்குக் காவல் என்ற கேள்விக்கு அன்றைக்கு மட்டும் பதில் தெளிவாக இருந்தது. போரின் கடைசி வாரத்தில்.

ஆப்கானிஸ்தானின் மறுகட்டமைப்புக்காக மட்டும் அமெரிக்கா 20 ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை சுமார் 145 பில்லியன் டாலர் என்கிறது அந்நாட்டு அரசு நியமித்த கண்காணிப்பு அமைப்பு. நேரடிப் போர்ச் செலவு தனி. பணம் குறைவு, வீரம் குறைவு, கருவி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்தது ஒன்றுதான். ரோந்து போன பிறகும் நிற்கக்கூடிய, அந்த ஊர்க்காரர்கள் தங்களுடையது என்று நம்பக்கூடிய ஓர் அரசு. அதை எந்த ஸ்குவாடாலும் முதுகில் சுமந்து கொண்டுபோய் இறக்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

இன்றைக்கும் உலகின் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு நாட்டின் சீருடை, வேறொரு நாட்டின் தெருவில் ரோந்து போய்க்கொண்டிருக்கிறது. அமைதிப்படை, கூட்டுப்படை, உதவிப்படை என்று பெயர் மட்டும் மாறும். போட்டோ உங்கள் போனுக்கு வரும். கேப்ஷனில் 'பாதுகாப்பு' என்ற சொல் இருக்கும்.

அப்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பாதுகாப்பு யாருக்கு? இருட்டிய பிறகும் இது இருக்குமா? இவர்கள் ஊருக்குப் போன பிறகு அங்கே யார் நிற்பார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி, பாதிச் செய்திதான். எங்கள் டெஸ்க்கிலிருந்து வந்ததாக இருந்தாலும் சரி.

எங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால், 'பாதுகாப்பு அளிக்கும் வீரர்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாமல் இருக்கலாம். 'சக வீரர்களுக்குக் காவல் நிற்கிறார்' என்று எழுதலாம். அது உண்மையும்கூட. அந்த மரைனுக்கும் அதில் எந்த அவமானமும் இல்லை.

வாசலில் நின்ற அந்தச் சிறுவனுக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். சுவரோரம் மண்டியிட்ட மரைனை அவன் மறந்திருக்கலாம். அவர் எழுந்து போன பிறகு, அன்றைக்கு இரவு தன் வீட்டுக் கதவைத் தட்டியது யார் என்பதை மறந்திருக்க மாட்டான்.